ஒரு குளத்தைக் கையிலெடுங்கள்: குமரி மாவட்டத்து இளையோருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "அண்ணா, கல்லு லாரி வரிசையாப் போறதப் பாத்தா நெஞ்சு பதறுது. ஸ்டேட்டஸ் வைக்கதத் தவிர வேற என்ன செய்யதுன்னே தெரியல."

இதே கேள்வியைக் கடலோர ஊர்ப் பையன்கள் கடலரிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வில்லுக்குறிப் பக்கம் வயல்கள் பிளாட்டாக மாறுவதைப் பார்த்த பாலிடெக்னிக் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதற்றம் நியாயமானது. 2017 ஒக்கி புயலின்போது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் இவர்கள். ஒரே இரவில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததையும், கடலுக்குப் போனவர்களுக்காக ஊர் ஊராக அழுததையும் கண்ணால் பார்த்தவர்கள். "சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு" என்று இவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஒரே ஒரு குளத்தைக் கையிலெடுங்கள். ஒரு வருடம் அதை விடாதீர்கள். எப்படி என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஏன் குளம்?

இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. ஆனால் மலைக்கும் கடலுக்கும் இடையே தூரம் குறைவு. பெய்த தண்ணீர் நிற்காமல் கடலைப் பார்த்து ஓடிவிடும். அதை மறித்து நிறுத்தத்தான் முன்னோர்கள் குளங்களைச் சங்கிலியாக வெட்டி வைத்தார்கள். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரும் சானல் வழியாக இந்தக் குளங்களில் பலவற்றுக்கு வருகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் விளைந்தன.

சங்கிலியில் ஒரு குளம் தூர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பர் மழையில் பலரும் வாசலிலேயே பார்த்துவிட்டார்கள். தண்ணீருக்குத் தன் பழைய வழி மறக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. தேரூர் தொகுதி 94 ஹெக்டேருக்குச் சற்று மேல். வேம்பனூரோ 20 ஹெக்டேர்கூட இல்லை. அவ்வளவு சிறிய நீர்நிலைக்கே அந்த மதிப்பு என்றால், உங்கள் ஊர்க் குளத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

முதல் மாதம்: பார்ப்பது மட்டும்

எடுத்த எடுப்பில் மண்வெட்டியோடு போகாதீர்கள். முதல் நான்கு வாரம் பார்க்க மட்டும் போங்கள். வாரம் இரண்டு நாள் போதும், ஒரு நாள் காலை, ஒரு நாள் மாலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஒரு பேனா, செல்போன். வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி, நேரம், முந்தின நாள் மழை பெய்ததா. அடுத்து தண்ணீர் மட்டம். அளவுகோல் தேடி அலைய வேண்டாம், படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணுங்கள். "ஆறு படி தெரிகிறது, ஆறாம் படியில் பாசி" என்று எழுதினால் போதும். மூன்று மாதம் கழித்து அந்த வரி உங்களுக்கே பெரிய சொத்தாக இருக்கும். பிறகு ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து ஒரு படம். நான் மறுகால் பக்கத்தில் ஒரு பூவரசின் கீழ் நின்று எடுப்பேன். மரத்தின் தாழ்ந்த கிளை எப்போதும் படத்தின் இடது மூலையில் வரும்படி பார்த்துக்கொள்வேன். அந்தக் கிளையை வைத்தே இரண்டு படங்களை ஒப்பிட முடியும்.

அடுத்து, குளத்துக்குள் என்ன வருகிறது என்று சுற்றி நடந்து பாருங்கள். எந்தச் சானலில் இருந்து வரத்து, அது திறந்திருக்கிறதா அடைந்திருக்கிறதா, எந்த வீட்டின், எந்தக் கடையின் கழிவுநீர்க் குழாய் கரைக்கு வருகிறது. கல்யாண மண்டபம் பக்கத்தில் இருந்தால் முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆனாலும் கரையில் கிடக்கிற கப்புகள் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். "நிறையக் குப்பை" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். "நான்கு வாரத்தில் மூன்று முறை, மண்டபத்துக்குப் பின்பக்கக் கரையில் மட்டும்" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பறவைகளையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு நாள் தாமரை இலைகளின் மேல் நீண்ட விரல்களை வைத்து நடந்துபோன பறவையை நான் "கோழி மாதிரி, வால் நீளம்" என்று எழுதி வைத்தேன். அது நீளவால் இலைக்கோழி என்று பிறகுதான் தெரிந்தது. ஆண் பறவைதான் முட்டையை அடைகாக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தக் குளத்தை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. ஈபேர்ட் செயலியில் பட்டியலைப் பதிவு செய்தால் அது உலகத் தரவோடு சேர்ந்துகொள்ளும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். முதல் பட்டியல் போட அதைவிட நல்ல சமயம் கிடையாது. நாரையும் கூழைக்கடாவும் ஊசிவால் வாத்தும் அந்தக் குளிர்கால மாதங்களில்தான் நம் பக்கம் அதிகம் தென்படும்.

இரண்டாவது: காகிதம்

பலரும் விட்டுவிடுகிற படி இது. என்னைக் கேட்டால் இதுதான் உயிர்.

உங்கள் குளம் எந்த வருவாய் கிராமத்தில், எந்தப் புல எண்ணில் (சர்வே நம்பரில்) இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். வில்லேஜ் ஆபீசில் மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலச் சேவைப் பக்கத்தில் புல எண்ணைக் கொடுத்து அ-பதிவேடு என்கிற நிலப் பதிவேட்டு விவரத்தையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். அதில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். நம் ஊரில் யாரும் ஏர் கணக்கில் பேசுவதில்லை. ஒரு ஏர் என்றால் ஏறத்தாழ இரண்டரை சென்ட், ஒரு ஹெக்டேர் 247 சென்ட். சென்ட்டாக மாற்றி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஊரில் பேசும்போது "இந்தக் குளம் ரெக்கார்டுப்படி இத்தனை ஏக்கர், இத்தனை சென்ட்" என்று சொல்ல முடிகிற ஆளின் பேச்சு சபையில் ஏறும்.

பிறகு, குளம் யாருடையது? நீர்வளத் துறையின் குளமா, ஊராட்சிக் குளமா, பேரூராட்சிக் குளமா, கோயில் குளமா? நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம் என்பதால் இதில் குழப்பம் சகஜம். எங்கள் முதல் மனுவைத் தப்பான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்தோம். கடைசியில் "இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. பாசனக் குளமாக இருந்தால் நாகர்கோவிலில் உள்ள கோதையாறு வடிநிலக் கோட்ட அலுவலகத்தில் தொடங்குங்கள். நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள குளங்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லை குறிப்பது அந்தச் சட்டப்படி துறையின் கடமை.

அலுவலகத்தில் கேட்டுக் கிடைக்காதது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான் செலவு. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதற்குமேல் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அலுவலகம் மாறிப்போனாலும் கவலையில்லை, உரிய அலுவலகத்துக்கு அவர்களே ஐந்து நாளில் அனுப்பிவைக்க வேண்டும் என்கிறது சட்டம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது ஆவணம் கிடையாது. இப்படிக் கேளுங்கள்:

"மேற்படி புல எண்ணில் உள்ள குளத்தின் பதிவேட்டுப் பரப்பு எவ்வளவு? கடைசியாக அளவீடு செய்த தேதி என்ன? அந்த அளவீட்டு வரைபடத்தின் நகல் தருக. கடந்த ஐந்து ஆண்டுகளில் இக்குளத்தைத் தூர்வாரச் செலவிட்ட தொகை, பணியின் பெயர், மதிப்பீட்டின் நகல் தருக."

நான்கு வரிதான். எங்கள் ஊரில் ஆறு மாதக் கூச்சலால் நடக்காதது இந்த நான்கு வரியால் நடந்தது. அளவையாளர் சங்கிலியோடு வந்தார்.

மூன்றாவது: ஆட்கள்

குளத்தைச் சுற்றி ஏற்கெனவே ஒரு உலகம் இருக்கிறது. மீன் குத்தகை எடுத்தவர், தோவாளைச் சந்தைக்குத் தாமரை பறித்துக் கொடுப்பவர், மாடு குளிப்பாட்டுகிறவர், மடை திறந்து விடுகிற விவசாயி, துணி துவைக்க வரும் அக்காமார். உங்களைவிட இவர்களுக்குக் குளம் அதிகம் தெரியும். இவர்களை எதிரியாக நினைத்துத் தொடங்கினால் காரியம் கெட்டுப்போகும். தாமரைக்காரருக்கு இலைதான் வருமானம், மீன்காரருக்கு இலை இடைஞ்சல். இரண்டு பேரும் குளத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

வயதான ஒரு பாட்டாவிடம் உட்கார்ந்து "உங்க சின்ன வயசுல மறுகால் எந்தப் பக்கம் பாயும்?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பாட்டா ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்து, இப்போது காம்பவுண்டுச் சுவர் நிற்கிற இடத்தைக் காட்டினார். "மக்ளே, இங்கதான் ஓட. இதுல நாங்க தோர்த்துத் துணியப் போட்டு மீன் புடிப்போம்." பிறகு புல வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அதே இடத்தில் ஓடை என்று கோடு போட்டிருந்தது. அந்த நாளில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உங்களோடு நான்கு பேர் போதும். நாற்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவைவிட, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வந்து நிற்கிற நான்கு பேர் மேல். அதில் பெண் பிள்ளைகள் இருந்தால் வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு டீச்சரோ, ஊரில் மதிப்புள்ள ஒரு அக்காவோ கூட இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

நான்காவது: சுத்தம் செய்யும் நாள்

எல்லாரும் முதலில் செய்ய ஆசைப்படுவது இதைத்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அறுபது பேர் திரண்டு ஒரே நாளில் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் மலைபோலக் குவித்தோம். பத்திரிகையில் படம் வந்தது. அடுத்த வாரம் பெய்த மழையில் குவியலில் பாதி மறுபடி குளத்துக்குள் போனது. மிச்சம் இருந்த செடிகளும் சேர்ந்து இரண்டு மாதத்தில் குளம் பழையபடி பச்சையாக மூடிக்கிடந்தது. அன்று அழுத ஒரு தம்பி அதன்பிறகு எங்களோடு வரவே இல்லை. அது எங்கள் தப்பு. கழிவுநீர் வரும் வழியை அடைக்காமல் செடியை வாரினோம். கழிவுதான் ஆகாயத்தாமரைக்கு உரம். நல்ல சூழல் கிடைத்தால் இரண்டே வாரத்தில் அது இரட்டிப்பாகும்.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கழிவு வரும் வழி, பிறகு செடி. வாரிய செடியை அன்றைக்கே வண்டியில் ஏற்றித் தள்ளிக் கொண்டுபோய், காயவைத்து, தென்னைக்கு மூடாக்காகப் போட்டுவிடுங்கள். ஏற்றிப்போக வண்டி கிடைக்காவிட்டால் அன்றைக்கு வார வேண்டாம்.

நீச்சல் தெரியாதவர்கள் தண்ணீரில் இறங்கவே கூடாது. தெரிந்தவர்களும் தனியே இறங்கக் கூடாது, செடியின் வேர் காலைப் பின்னிக்கொள்ளும். காலில் புண் இருந்தால் அன்றைக்குக் கரைவேலை மட்டும். எலிக்காய்ச்சல் இந்த மாதிரித் தண்ணீரில் இருந்துதான் வரும். கம்பூட்டும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பறவைகள் கூடு கட்டியிருக்கிற கோரைப் புல்லையும் தாமரைப் பகுதியையும் குப்பை என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள்.

ஐந்தாவது: சபையில் பேசுவது

ஊராட்சியாக இருந்தால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், குளத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் சபையின் உறுப்பினர்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் நோட்டையும் படங்களையும் தயார் செய்து கொடுங்கள், அம்மாவோ மாமாவோ எழுந்து பேசட்டும்.

மூன்று நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். பரப்பைச் சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். "குளத்தைக் காப்பாற்றுங்கள்" என்பது கோரிக்கை ஆகாது. "மண்டபத்துக் கழிவுக்குழாயை இந்த மாதத்துக்குள் அடைக்க வேண்டும்" என்பது கோரிக்கை. கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று நின்று பார்த்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எழுதாமல் விட்டது பேசாததற்குச் சமம்.

பேரூராட்சியாக இருந்தால் வார்டு உறுப்பினரையும் செயல் அலுவலரையும் பாருங்கள். எங்கும் நகராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மனுவோடு தீர்மான எண், தகவல் உரிமைப் பதில், இரண்டு படங்கள் வையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

மரம் நடுவது பற்றிக் கொஞ்சம்

நீர்ப்பிடிப்புக்குள் மரம் நடாதீர்கள். அது குளத்தைச் சுருக்குகிற வேலை. கரையில் நடுவதானாலும் துறையைக் கேட்டுவிட்டு நடுங்கள். நம் கரைகளுக்குப் பூவரசு, புன்னை, நீர்மருது, பனை எல்லாம் பழகின மரங்கள். பனங்கொட்டை என்றால் ஆவணிக்குப் பிறகு பொறுக்கி, பத்தடிக்கு ஒன்றாக மழை ஈரத்தில் ஊன்றுங்கள். பனை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கித்தான் போகும், மேலே இலை காட்ட மாதக்கணக்காகும். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்த்துக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். கன்று நட்டால் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு, அத்தனை கன்று மட்டும் நடுங்கள்.

கடலோரத்திலும் மலையடிவாரத்திலும் இருப்பவர்களுக்கு

பக்கத்தில் குளம் இல்லாவிட்டால் ஆறு கடலில் சேர்கிற ஒரு பொழிமுகத்தையோ அரை கிலோமீட்டர் கடற்கரையையோ எடுத்துக்கொள்ளுங்கள், முறை அதேதான். பழையாறு கடலில் சேர்கிற மணக்குடியில் அலையாத்தி மரங்களைப் பார்க்கலாம். தேரூர், சுசீந்திரம், மணக்குடி பகுதி 2015-இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலம். தடத்தையோ இறந்த ஆமையையோ பார்த்தால் தொடாமல், படம் எடுத்து, நேரம் இடம் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மலையடிவாரத்தில் கவனம் வேண்டும். கல், மண் ஏற்றிப்போகிற லாரியை மறிக்கிற வேலை உங்களுடையது இல்லை. தனியாகப் போய்க் குவாரிக்குள் வீடியோ எடுக்கவும் வேண்டாம். கனிமம் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு வேண்டும். பொது ரோட்டில் நின்று வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் பத்து நாள் எழுதி, பெரியவர்கள் வழியாகக் கனிமவளத் துறைக்கும் கலெக்டருக்கும் கொடுங்கள். காட்டுக்குள் போகிற ஆசை இருந்தால் அனுமதியோடு மட்டும் போங்கள். மாவட்டத்தின் மலைக்காடுகளில் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்குச் சரணாலயம்.

பெரிய திட்டங்கள் வரும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். குறைந்தது 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கடலோர மணல் கனிமச் சுரங்கத்துக்காக 2024 அக்டோபர் 1 அன்று நடப்பதாக இருந்த கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. அறிவிப்பு வந்ததும் அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை வாங்கி, உங்கள் ஊரின் கிணறும் குளமும் அதில் சரியாக வந்திருக்கிறதா என்று நோட்டோடு ஒப்பிடுங்கள். நேரில் பேசப் பயமாக இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், அதையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஊரை விட்டுப் போகும்போது

நம் பிள்ளைகள் படித்து முடித்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுவார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே நோட்டு யாருக்குப் போகும் என்று யோசித்து வையுங்கள். ஒன்பதாம் வகுப்போ பிளஸ் ஒன்னோ படிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடங்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு ஞாயிறு சேர்ந்து போங்கள். ஒரு நாள் நீங்கள் எழுதுங்கள், மறுவாரம் அவர் எழுதட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். புல வரைபடம், மனு ஒப்புகைகள், தகவல் உரிமைப் பதில்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு செட் நகலை அந்த டீச்சரிடமோ அக்காவிடமோ கொடுத்துவையுங்கள். படம் எடுக்க நிற்கிற இடத்தைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

என்னிடம் கேட்ட அந்தத் தங்கை இப்போது திருநெல்வேலியில் படிக்கிறாள். அவளுடைய நோட்டு அவள் சித்தி மகனிடம் இருக்கிறது. போன வாரம் அவன் அனுப்பிய படத்தில் பூவரசுக் கிளை சரியாக இடது மூலையில் வந்திருந்தது. கீழே எழுதியிருந்தான்: "நாலு படி தெரியுது. மறுகால் இன்னும் பாயல."